ஒழிபியலுக்கு ஓர் இடம்

தண்ணீர்மலை முருகன் மேல் பாடிய பதிகம் ஒன்று பெரியப்பா வீட்டு அலமாரியில் இருந்தது. ஜார்ஜ் டவுனிலேயே அச்சடித்த புத்தகம் என்பார் பெரியப்பா. முகப்புப் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டதால் அதைச் சரிபார்க்க வழியில்லை. பாட்டு பெரிய எழுத்தில், அதன் கீழே உரை சின்ன எழுத்தில், கடைசி நாலு பக்கம் கையொப்பக்காரர் பட்டியல். புத்தகம் அச்சேறுவதற்குப் பணம் தந்தவர்களின் பெயர், தொழில், தெரு, எத்தனை வெள்ளி என்ற விவரம்.

சில வருஷம் முன்னால் நானும் அக்காவும், பாயான் லெப்பாஸில் மென்பொருள் வேலை பார்க்கும் தம்பியும் சேர்ந்து அதைத் தட்டச்சு செய்தோம். பாட்டைத் தடித்த எழுத்தில் போட்டோம். உரையைக் கொஞ்சம் உள்ளே தள்ளினோம். ஆறு மாதம் கழித்து வேறொரு கணினியில் திறந்தால் தடிப்பும் இல்லை, தள்ளலும் இல்லை. எல்லாம் ஒரே சோற்று உருண்டை. "இதுல எது பாட்டு, எது உரை?" என்று பெரியப்பா கேட்டார். எங்களுக்குக் கண்ணால் பார்த்தால் தெரியும். கணினியிடம் அதை நாங்கள் சொல்லவே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கடைசி நாலு பக்கத்தை நாங்கள் தட்டச்சே செய்யவில்லை. "அது வெறும் பேர் லிஸ்ட்தானே" என்று விட்டுவிட்டோம். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால், ஒரு நூலுக்குள் எது எது என்று கணினிக்குச் சொல்ல மனிதர்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். அது பொறியாளர்களின் கதை என்று பொதுவாக நினைக்கிறோம். எனக்கென்னவோ அது இலக்கணக்காரர்களின் கதையாகத்தான் தெரிகிறது.

*

1969. ஐபிஎம் நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி என்று மூன்று பேர். கோல்ட்ஃபார்ப் சட்டம் படித்தவர். வழக்கறிஞர் அலுவலக ஆவணங்களைக் கணினியில் சேமித்து, தேடி, அச்சிட ஒரு வழி கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. அதுவரைக்கும் கணினிக்குள் வைத்த ஆவணத்தில் அச்சுக்கோப்பவருக்குச் சொல்வது போன்ற கட்டளைகள்தான் இருந்தன: இதை நடுவில் வை, இதைப் பெரிதாக்கு, இங்கே ஒரு வரி விடு. இந்த மூவரும் அதை மாற்றினார்கள். எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லாதே, அது என்ன என்று சொல். இது தலைப்பு, இது பத்தி, இது அடிக்குறிப்பு. தலைப்பு எப்படித் தெரிய வேண்டும் என்பதை அச்சிடும்போது முடிவு செய்துகொள்ளலாம். அந்தக் குறியீட்டு மொழிக்கு ஜிஎம்எல் என்று பெயர். மூவரின் குடும்பப் பெயர்களின் முதலெழுத்தும் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

அது வளர்ந்து 1986இல் எஸ்ஜிஎம்எல் என்ற சர்வதேசத் தரமானது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: குறி இடுவதற்கு முன்னால், எந்தெந்தக் குறிகள் உண்டு, எதற்குள் எது வரலாம், எது முதலில், எது பிறகு, எது எத்தனை தடவை என்று எழுதிவைக்க வேண்டும். அந்த விதிப் பட்டியலுக்கு டிடிடி என்று பெயர். பின்னால் வந்த இதன் உறவுகள் எல்லாவற்றையும் சேர்த்து இன்று ஸ்கீமா என்கிறோம். ஸ்கீமாவை எழுதவே தனி மொழிகள் உண்டு. ஆவணம் ஸ்கீமாவுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கத் தனி நிரல்களும் உண்டு.

தமிழ் வாசகருக்கு இது புது விஷயமே இல்லை. நாலடி வெண்பாவை எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று அடிக்கு நாலு நாலு சீர், கடைசி அடிக்கு மூணு சீர். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும். தளை தட்டக் கூடாது. பாட்டின் பொருள் சுத்தமாகப் புரியாத ஆளும் இந்த விதிகளை வைத்து இது வெண்பாவா இல்லையா என்று சொல்லிவிட முடியும். அப்படியானால் கணினியும் சொல்லும். 2003இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் பாலசுந்தரராமன் உள்ளிட்ட மூவர் வெண்பா இலக்கணத்தைக் கணினியியலின் முறைசார் இலக்கணமாகவே எழுதிக் காட்டினார்கள். பிறகு வினோத் ராஜன் உருவாக்கிய 'அவலோகிதம்' என்ற மென்பொருள், பாட்டைக் கொடுத்தால் அசை, சீர், தளை பிரித்து என்ன பா என்று சொல்கிறது.

பாட்டு நல்ல பாட்டா என்று அது சொல்லாது. ஸ்கீமாவும் அப்படித்தான். அது எலும்புகளை எண்ணும், உயிரைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. ஆனால் எலும்பு எத்தனை என்று யாரோ முதலில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது இல்லையா? பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

*

1987 நவம்பரில் நியூயார்க் மாநிலத்தில் பக்கீப்ஸி என்ற ஊரில், வாசர் கல்லூரியில், இலக்கிய ஆய்வாளர்களும் மொழியியலாளர்களும் கணினிக்காரர்களும் கூடினார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் பழைய நூல்களைத் தன் இஷ்டத்துக்குக் குறியிட்டுக்கொண்டிருந்த காலம். ஒருத்தர் செய்தது இன்னொருத்தருக்கு உதவாது. எல்லாருக்கும் பொதுவாக ஒரு முறை வேண்டும் என்று முடிவானது. அதுதான் டிஇஐ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நூற்குறியீட்டு முயற்சி.

1994இல் அதன் வழிகாட்டி நூல் வெளிவந்தபோது இரண்டு தடித்த தொகுதிகள், ஆயிரம் பக்கத்துக்கு மேல். செய்யுள், நாடகம், அகராதி, கையெழுத்துப் பிரதி, பேச்சுப் பதிவு, பாடபேதம் எல்லாவற்றுக்கும் குறிகள். ஒரு அகராதி ஆய்வாளருக்கு வேண்டியதை நாடக ஆய்வாளர் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதனால் எல்லாமே உள்ளே. விளைவு என்ன? பிரமிக்கலாம், ஆனால் ஒரு சின்ன நூலகத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து அதைப் படித்து முடித்து முதல் பாட்டுக்குக் குறி இடுவதற்குள் ஆர்வம் போய்விடும்.

இதை உணர்ந்தவர்கள் அந்த நூலின் பதிப்பாசிரியர்களேதான். லூ பர்னார்ட், மைக்கேல் ஸ்பெர்பெர்க் மக்வீன் இருவரும் கொஞ்ச நாளில் 'டிஇஐ லைட்' என்று ஒரு சுருக்கத்தை வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்களின் பெரும்பாலான தேவைகளுக்குப் போதுமான குறிகள் மட்டும். பெரிய நூல் கையேடாகவே தங்கிவிட, சின்ன நூல்தான் ஊரெல்லாம் புழங்கியது.

எங்கேயோ கேட்ட கதை மாதிரி இல்லை? சோழர் காலத்தில் அமிதசாகரர் யாப்பருங்கலம் என்று ஒரு நூல் செய்தார். பிறகு அவரே அதைச் சுருக்கி யாப்பருங்கலக் காரிகை செய்தார். ஒரு பெண்ணை விளித்துப் பாடம் சொல்வது போன்ற நடை, மனப்பாடம் செய்ய ஏற்ற செய்யுள், அளவான விதிகள். நூற்றாண்டுக் கணக்காகத் தமிழ்ப் பிள்ளைகள் யாப்பு கற்றது காரிகையில்தான். (அதையும் கஷ்டம் என்று சொல்லி, காரிகை கற்பதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைக்கலாம் என்று பழமொழி கட்டினார்கள் என்பது வேறு.) பவணந்தியும் இதையேதான் செய்தார். தொல்காப்பியத்தின் பெரும் பரப்பில் எழுத்தையும் சொல்லையும் மட்டும் வைத்து 462 நூற்பாவில் நமக்குக் கிடைத்திருப்பது நன்னூல்.

சுருக்குவது என்றால் குறைப்பது என்று நாம் நினைக்கிறோம். யார் கையில் அது போய்ச் சேர வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதுதான் சுருக்குவது. ஆனால் தேர்ந்தெடுக்கும்போது எதையோ விட்டுத்தான் ஆக வேண்டும். நன்னூலில் மட்டும் தமிழ் படித்தவனுக்குப் பொருளதிகாரம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போகலாம்.

*

1998 தைப் பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகம் முழுவதும் இருந்த தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைச் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். இன்று நாம் இணையத்தில் சங்கப் பாடலைத் தேடி எடுக்கிறோம் என்றால் அந்தக் கைகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அதே வருஷம் பிப்ரவரி 10ஆம் தேதி, பொங்கல் கழிந்து நாலு வாரம்கூட ஆகவில்லை, எக்ஸ்எம்எல் வெளிவந்தது. எஸ்ஜிஎம்எல் என்ற கடினமான மொழியை வலைக்கு ஏற்பச் சுருக்கியதுதான் எக்ஸ்எம்எல். அதன் பதிப்பாசிரியர்களில் ஒருவர் அதே ஸ்பெர்பெர்க் மக்வீன். அது யூனிகோடை அடிப்படையாக வைத்துக்கொண்டது. குறிகளின் பெயர்களையே தமிழில் வைக்கலாம். 'வெண்பா' என்று ஒரு குறி, 'அடி' என்று ஒரு குறி.

ஆனால் அந்த வருஷம் தமிழர்களுக்கு இருந்த கவலை வேறு. 'அ' என்ற எழுத்துக்கு எந்த எண் என்பதிலேயே ஒப்புதல் இல்லை. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு ஏற்பாடு. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலேயே தொடங்கிய முரசு, கல்யாணசுந்தரத்தின் மயிலை, தமிழ்நாட்டில் வேறு பல. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் கிறுக்கல். அதற்குத்தான் டிஸ்கி என்ற பொதுக் குறியேற்றம் பேசப்பட்டது. யூனிகோடுக்கு மதுரைத் திட்டம் வந்தது சில வருஷம் கழித்து. எழுத்தே உறுதியாக இல்லாத வீட்டில் போய், இது செய்யுளா உரையா என்று குறி போடுங்கள் என்று யார் சொல்வது? நூல்கள் தட்டச்சாயின, தலைப்பு தடித்த எழுத்தில், பாட்டுக்குப் பாட்டு ஒரு வரி இடைவெளி. கண்ணுக்குப் போதும். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. வீடு பற்றி எரியும்போது முதலில் சாமான்களை வெளியே கொண்டுவர வேண்டும், எந்த அலமாரியில் எது என்று பிறகு பார்க்கலாம். அன்றைக்கு வெளியே கொண்டுவந்ததில் இன்னும் பெரும்பகுதி அலமாரி சேரவில்லை என்பதுதான் நம் தலைமுறைக்கு வந்த வேலை.

*

2001ஆம் வருஷம் இந்தக் கதையில் முக்கியமானது. ஆகஸ்டில் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. அங்கே எழுத்தும் விசைப்பலகையும் பேசிக்கொண்டிருந்த அதே வருஷத்தில், உலகின் வேறு மூலைகளில் ஸ்கீமா மொழிகளுக்குள் ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது.

டிடிடி பழையதாகிவிட்டது என்பதில் எல்லாருக்கும் உடன்பாடு. அதற்கு எண் எது, தேதி எது என்று தெரியாது. பல இடத்துக் குறிகளை ஒரே ஆவணத்தில் கலந்தால் திணறும். பதிலாக டபிள்யூ3சி என்ற வலைக் கூட்டமைப்பு மே மாதம் எக்ஸ்எம்எல் ஸ்கீமா என்ற தரத்தை வெளியிட்டது. அறிமுகம் ஒரு பகுதி, கட்டமைப்பு ஒரு பகுதி, தரவு வகைகள் ஒரு பகுதி. உள்ளமைந்த தரவு வகைகள் மட்டும் 44. வங்கிகளுக்கும் வணிக மென்பொருளுக்கும் அது வேண்டியிருந்தது. ஒரு விலைப்பட்டியலில் தேதி என்ற இடத்தில் தேதிதான் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்ல முடிந்தது.

ஆனால் ஒரு பழைய தமிழ்ப் புத்தகத்தின் முகப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு தமிழ் வருஷப் பெயர், ஒரு மாதப் பெயர், அவ்வளவுதான் தேதி. சிலதில் ஹிஜ்ரி ஆண்டும் இருக்கும். 1880களில் நாகூர் குலாம் காதிறு நாவலர் பினாங்கிலிருந்து 'வித்தியா விசாரிணி' நடத்திய ஊர் இது. இங்கே புழங்கிய தமிழுக்கு ஒரு பஞ்சாங்கம் போதாது. வருஷம், மாதம், நாள் என்று எண்ணில் மட்டும் கேட்கும் வகைக்குள் இதை எப்படி அடைப்பது? ஒன்று, ஊகித்து எண் போட வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். ஊகம் பொய்யாக முடியலாம், விடுவதோ இழப்பு.

இதே சமயத்தில் ஜப்பானில் முராத்தா மகோத்தோ 'ரிலாக்ஸ்' என்று ஒரு எளிய ஸ்கீமா மொழியைச் செய்திருந்தார். ஜேம்ஸ் கிளார்க் 'ட்ரெக்ஸ்' என்று இன்னொன்றைச் செய்தார். எக்ஸ்எம்எல் உருவான குழுவின் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஆங்கிலேயர் கிளார்க், வாழ்ந்தது பேங்காக்கில். இரண்டு பேரும் தங்கள் மொழியே பெரிது என்று சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கினார்கள். 2001 டிசம்பரில் ரிலாக்ஸ் என்ஜி வெளிவந்தது. 2003இல் ஐஎஸ்ஓ தரமானது.

அதன் எளிமை எங்கே இருக்கிறது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். முகப்புப் பக்கத்தில் புத்தகப் பெயர், ஆசிரியர், அச்சகம், ஊர், விலை என ஐந்து இருக்கும், ஆனால் எந்த வரிசையிலும் இருக்கலாம். எக்ஸ்எம்எல்லின் டிடிடியில் இதைச் சொல்ல, சாத்தியமான 120 வரிசைகளையும் ஏதோ ஒரு வடிவில் எழுதிக் காட்ட வேண்டும். ரிலாக்ஸ் என்ஜியில் ஐந்து பெயர்களுக்கு நடுவே '&' போட்டால் வேலை முடிந்தது. தேதி, எண் போன்ற தரவு வகைகளை அது தன் தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை. வேண்டுமென்றால் வெளியே இருந்து எடுத்துக்கொள், வேண்டாமென்றால் விடு.

கட்டமைப்பால் சொல்ல முடியாத விதிகளும் உண்டு. 'இந்தப் பாட்டுக்கு உரைகாரர் பெயர் இருந்தால் உரையும் இருக்க வேண்டும்' என்பது மாதிரி. அதற்கு 'ஸ்கீமாட்ரான்' என்று ஒன்றை ரிக் ஜெல்லிஃப் 1999இல் செய்தார். அவர் அப்போது இருந்தது தைப்பேயில். ஜப்பான், பேங்காக், தைப்பே. லத்தீன் எழுத்தைத் தாண்டிய தெருப்பலகைகளுக்கு நடுவே வாழ்ந்த ஆட்கள் எளிமையைத் தேடியது தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கு அதைத் தற்செயல் என்று நினைக்க விருப்பமில்லை.

கிளார்க் எழுதிய சரிபார்ப்பு நிரலின் பெயர் 'ஜிங்'. தாய் மொழியில் அந்தச் சொல்லுக்கு உண்மை என்று பொருள். மின்னூல்களைச் சரிபார்க்க உலகம் முழுக்கப் பயன்படும் 'இபப்செக்' அந்த ஜிங்கின் மேல் கட்டப்பட்டது. இபப் வடிவில் ஒரு தமிழ் மின்னூலை வெளியிடும் முன் அதில் போட்டுப் பார்த்தால், சரி என்றோ தப்பு என்றோ சொல்வது பேங்காக்கில் பிறந்த அந்த நிரல்தான். பட்டர்வொர்த்தில் ரயில் ஏறினால் எல்லை தாண்டி அந்த ஊர் வரைக்கும் தண்டவாளம் போகிறது.

*

2007 நவம்பரில் டிஇஐ தன் ஐந்தாம் பதிப்பை வெளியிட்டபோது ரிலாக்ஸ் என்ஜியைத்தான் தன் முதன்மை ஸ்கீமா மொழியாக வைத்துக்கொண்டது. அதைவிட முக்கியமான இன்னொரு முடிவும் எடுத்தது. குறிகள் ஐந்நூறை நெருங்கிவிட்டன. யாருக்கும் அத்தனையும் வேண்டாம். எனவே ஒவ்வொருவரும் தனக்கு வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுத்து, ஏன் தேர்ந்தெடுத்தேன் என்ற விளக்கத்தையும் சேர்த்து ஒரே ஆவணமாக எழுத வழி செய்தது. அதற்கு ஓடிடி என்று பெயர். நூற்பாவும் உரையும் ஒரே ஏட்டில் இருப்பது போல. அதிலிருந்து ஸ்கீமாவைக் கணினியே உருவாக்கித் தரும். கல்வெட்டு ஆய்வாளர்கள் அப்படித் தேர்ந்தெடுத்துக்கொண்டதுதான் 'எபிடாக்'. கிரேக்க, லத்தீன் கல்வெட்டுகளுக்காகத் தொடங்கிய அந்த முறையில்தான் இன்று ஐரோப்பிய ஆய்வாளர்களின் 'தர்மா' திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளையும் குறியிடுகிறது. சிதைந்த எழுத்து எது, ஆய்வாளர் ஊகித்து நிரப்பியது எது என்று அதில் பிரித்துத் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு அடிப்படைச் சிக்கல் தீரவில்லை. எக்ஸ்எம்எல் எல்லா நூலையும் மரமாகப் பார்க்கிறது. நூலுக்குள் இயல், இயலுக்குள் பாட்டு, பாட்டுக்குள் அடி, அடிக்குள் சொல். கிளைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டக் கூடாது. தமிழ்ச் செய்யுள் அப்படியா நடந்துகொள்கிறது? ஓசைக்காகச் சொல்லை நடுவில் உடைத்து, பாதியை ஒரு சீரிலும் மீதியை அடுத்த சீரிலும் போடுவதற்கு நம் யாப்பில் வகையுளி என்றே பெயர் உண்டு. சீரை வைத்துக் குறி போட்டால் சொல் உடைகிறது. சொல்லை வைத்துப் போட்டால் சீர் உடைகிறது. நச்சினார்க்கினியரிடம் வந்தால் இன்னும் மோசம். பத்துப்பாட்டு உரையில் எங்கோ முன்னால் கிடக்கும் சொல்லை எங்கோ பின்னால் கிடக்கும் சொல்லோடு மாட்டிப் பொருள் சொல்வார். முல்லைப்பாட்டில் அவர் இப்படிச் செய்ததை மறைமலையடிகள் கடுமையாக மறுத்து எழுதினார். நச்சினார்க்கினியர் சரியா அடிகள் சரியா என்பது இருக்கட்டும். உரை என்பது மரத்தின் கிளைகளைத் தாண்டிக் கட்டிய கொடிக் கயிறு என்பதை இருவரும் சேர்ந்து காட்டுகிறார்கள்.

மேலைநாட்டிலும் இந்த விவாதம் நடந்தது. 1990இல் நூல் என்பது உண்மையில் ஒரு மரம்தான் என்று வாதாடிக் கட்டுரை எழுதியவர்களே, சில வருஷத்தில் அது அவ்வளவு சுலபமில்லை என்று திருத்தி எழுதினார்கள். டிஇஐயிடம் இதற்கு வைத்தியங்கள் உண்டு. இடையில் சின்ன எல்லைக் கற்கள் நடுவது, துண்டுகளுக்கு எண் கொடுத்து இணைப்பது. வலி குறையும், நோய் போகாது. ஸ்கீமா எதுவானாலும் நூலை முழுசாகப் பிடித்துவிடாது என்று ஒப்புக்கொண்டுதான் வேலையை ஆரம்பிக்க வேண்டும்.

*

எங்கள் பதிகத்துக்குத் திரும்புகிறேன். தம்பிதான் டிஇஐயைக் கொண்டுவந்தான். முதல் தடவை அத்தனை குறிகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மூணு மாதத்தில் ஏழு பாட்டு முடித்தோம். 'கந்தன்' என்பதற்கு ஆள் பெயர் என்று குறி போடுவதா, தெய்வப் பெயர் என்றா என்பதில் ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. "தம்பி, இது சரிப்படாதுப்பா. நான் வெறும் பாட்டை மட்டும் அடிச்சுத் தரேன்" என்று அக்கா எழுந்துவிட்டார்.

அடுத்து, இருக்கிறதிலேயே சின்னதாக ஒன்று செய்தோம். குறிச்சொற்களை நீக்கிவிட்டு எலும்பை மட்டும் காட்டினால் இப்படி இருக்கும்:

நூல் = முகப்பு?, பாயிரம்?, பாடல்+
பாடல் = அடி+, உரை?

கேள்விக்குறி என்றால் இருந்தாலும் இருக்கலாம். கூட்டல் குறி என்றால் குறைந்தது ஒன்றாவது வேண்டும். அக்காவுக்கு அஞ்சு நிமிஷத்தில் புரிந்தது. இரண்டு வாரத்தில் பாட்டும் உரையும் முடிந்தன. சரிபார்ப்பியில் ஒரு பிழைகூட இல்லை. அதைப் பெரியப்பாவிடம் காட்டினோம்.

அவர் கடைசிப் பக்கம் வரை நகர்த்திப் பார்த்தார். "பேருங்க எங்க?" என்றார்.

"அதுக்கு இதுல எடம் இல்ல பெரியப்பா" என்றான் தம்பி. சொன்ன பிறகு அவனுக்கே ஏதோ உறைத்துச் சும்மா இருந்துவிட்டான்.

முதல் தடவை சோம்பலால் விட்டோம். இரண்டாம் தடவை விட்டது சோம்பலால் இல்லை. எங்கள் இலக்கணத்தில் அதற்குப் பெயர் இல்லை, அதனால் அது பிழையாகக்கூடத் தெரியவில்லை. எழுதாமல் விட்ட விதிக்குள் வராதது எதுவும் நூலே இல்லை என்று ஆகிவிட்டது. சரிபார்ப்பி எல்லாம் சரி என்றது. அது பொய் சொல்லவில்லை, நாங்கள் கேட்டதற்குப் பதில் சொன்னது.

அமிதசாகரரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது அந்த ராத்திரிதான். காரிகையில் மூன்று இயல்கள். உறுப்பியலில் பாவின் உறுப்புகள், செய்யுளியலில் பாவகைகள். இதோடு முடித்திருக்கலாம். மூன்றாவதாக ஒழிபியல் என்று ஒன்றை வைத்தார். முன் இரண்டிலும் சொல்லாமல் ஒழிந்ததற்கு ஒரு வீடு. தொல்காப்பியத்திலும் இயல்களின் கடைசியில் புறநடை வரும். சொன்ன விதிக்குள் அடங்காதது வழக்கில் இருந்தால் அதையும் தள்ளாமல் ஏற்றுக்கொள் என்ற ஏற்பாடு. எவ்வளவு சுருக்கினாலும், நான் விட்டது ஏதாவது இருக்கும் என்று தெரிந்த இலக்கணக்காரர்கள் அவர்கள்.

நாங்களும் ஒரு வரி சேர்த்தோம்:

நூல் = முகப்பு?, பாயிரம்?, பாடல்+, ஒழிபு*
ஒழிபு = (பெயர் | தொழில் | தெரு | தொகை | சொற்கள்)*

நட்சத்திரக் குறி என்றால் எத்தனை வேண்டுமானாலும், இல்லாமலும். ஒழிபுக்குள் வரிசை கிடையாது, கட்டாயம் கிடையாது. பிறகு இந்தப் பெயர்களை டிஇஐயின் குறிகளோடு ஓடிடி வழியாகப் பொருத்தினோம். எங்களுக்குத் தமிழ்ப் பெயர், வெளியே போகும்போது உலகத்துக்குத் தெரிந்த பெயர். சொந்தமாக ஒரு மொழியைப் புதிதாகக் கட்டிவிட்டுத் தனியாக உட்காருவதைவிட, பெரிய ஒன்றிலிருந்து வெட்டி எடுத்துக்கொள்வதே நல்லது என்பது நாங்கள் கற்ற பாடம். அதோடு இரண்டு குறிகளை எக்காரணம் கொண்டும் வெட்டக் கூடாது: பக்கம் முடியும் இடம், 'சரியாகத் தெரியவில்லை'. முதலாவது, பிறகு வருபவர் மூலத்தோடு ஒப்பிட. இரண்டாவது, நாம் ஊகித்ததை உண்மை என்று அவர் நம்பிவிடாமல் இருக்க.

நாலு பக்கத்தையும் அக்காதான் அடித்தார். முருகன் பதிகத்துக்குப் பணம் தந்தவர்களில் செட்டியார் கடைக் கணக்கர்கள் இருந்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். மரைக்காயர், ராவுத்தர் என்று முடியும் பெயர்கள் ஆறு இருந்தன. தமிழ் எழுத்தில் எழுதிய ஒரு சீனக் கடைப் பெயர் இருந்தது. தோணிக்காரர், வண்டிக்காரர், சலவைத் தொழிலாளி. அரை வெள்ளி கொடுத்த ஒரு பெண்ணின் பெயர் மட்டும், யார் மனைவி என்ற குறிப்பு இல்லாமல், தெருப் பெயரோடு. அக்கா அந்த வரியில் வந்து நின்று, "இவங்க யாரா இருக்கும்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பெயருக்குப் 'பெயர்' என்றும், தெருவுக்குத் 'தெரு' என்றும், அரை வெள்ளிக்குத் 'தொகை' என்றும் குறி போட்டோம்.

உண்மையைச் சொன்னால் பதிகம் சுமாரான பதிகம். நாலைந்து பாட்டில் தளை தட்டுகிறது. அவலோகிதம் அதைத் தயங்காமல் சொல்லிவிடும். ஆனால் அந்தக் கடைசி நாலு பக்கம் இந்த ஊர் எப்படி இருந்தது என்று சொல்கிறது. அதைத்தான் நாங்கள் இரண்டு தடவை விட்டோம்.

உங்கள் ஊரிலும், உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒன்று இருக்கும். தட்டச்சு செய்ய உட்காரும்போது எந்த ஸ்கீமா என்று நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். சின்னதாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கடைசி வரியாக ஒரு ஒழிபு வைக்க மட்டும் மறக்காதீர்கள்.